பிக்கப்பா, சைட்-பை-சைடா: காட்டோர நிலத்துக்குப் போய்வர எந்த வண்டி வாங்குவது

ஓசூர் தாண்டி, தேன்கனிக்கோட்டை பக்கமோ தளி பக்கமோ நாலு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் பெங்களூர்த் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கி, வேலிக் கம்பியும் சொட்டுநீர்க் குழாயும் இறக்கிவிட்டு, சாயங்காலம் கொஞ்சம் தூண்டில் போட்டு, ஞாயிறு ராத்திரி சில்க் போர்டு நெரிசலில் வந்து சேர்கிறவர்கள். நானும் அதில் ஒருவன். அவர்களில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்: "யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் மான் வேட்டைக்கு ஒரு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்களே, கதவு இல்லாமல், கம்பிக் கூண்டு வைத்து, பின்னால் சின்னப் பெட்டியோடு, அதை வாங்கிவிடலாமா, இல்லை சின்னதாக ஒரு பிக்கப் எடுப்பதா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப். அந்தக் கூண்டு வண்டியை, அதாவது சைட்-பை-சைடை, வாங்கலாம் என்று நான் சொல்லக்கூடிய சூழ்நிலை ஒன்றே ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் வெறும் பதிலை வைத்துக்கொண்டு யாரும் பல லட்சம் ரூபாயை எடுத்து நீட்டக் கூடாது, அதனால் எப்படி யோசித்தேன் என்பதையும் முழுதாக எழுதுகிறேன். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் உங்கள் விடையும் வேறாக இருக்கலாம்.

வேட்டை என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். இங்கே அது கிடையாது. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி முயலும் கௌதாரியும்கூடத் தொடக் கூடாதவை, "என் நிலத்துக்குள்தானே வந்தது" என்பது பதிலாகாது, வேட்டைக்குப் பயன்படுத்திய வண்டியும் பறிமுதலாகும். தெரிந்தவர் ஒருவர் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்பதால் எதுவும் மாறிவிடாது. ஆகவே நான் எழுதுவது நிலத்துக்கும் காட்டோரத்துக்கும் ஏரிக்கரைக்கும் போய்வருகிறவர்களுக்கு.

ஆனாலும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு உதவும், ஏனென்றால் அந்த வண்டி அவர்கள் வேலைக்காகவே வளர்ந்தது. காட்டுக்குள் முகாம் வரை அவர்கள் பெரும்பாலும் பிக்கப்பில்தான் போகிறார்கள், சைட்-பை-சைட் அந்தப் பிக்கப்புக்குப் பின்னால் ட்ரெய்லரில் ஏறி வருகிறது. தார் முடிகிற இடத்தில் அதை இறக்கி, அங்கிருந்து உள்ளே போய், சுட்ட மானை ஏற்றிக்கொண்டு முகாமுக்குத் திரும்புகிறார்கள். வீடியோவில் நாம் பார்ப்பது அந்தக் கடைசித் துண்டை மட்டும்தான். பிக்கப்பும் ட்ரெய்லரும் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கேயும் அரசாங்கக் காட்டில் எந்தத் தடத்தில் எந்த வண்டி போகலாம் என்று வரைபடம் போட்டுத்தான் விடுகிறார்கள், பல தடங்களில் 50 அங்குல அகலத்துக்கு மேல் அனுமதி இல்லை, 60 அங்குலத்தைத் தாண்டும் பெரிய சைட்-பை-சைடுகள் அங்கே நுழையவே முடியாது. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: அவர்களில் நிறையப் பேர் இரண்டையும் விட்டுவிட்டு ஜப்பானின் பழைய 660 சிசி குட்டி லாரிகளை, சுசூகி கேரி, டைஹாட்சு ஹைஜெட் மாதிரியானவற்றை, 25 வருடம் ஆனதும் இறக்குமதி செய்து ஓட்டுகிறார்கள். ஒன்றரை மீட்டர் அகலம்கூட வராது, நாலு சக்கர இழுவை உண்டு, கதவு உண்டு, மழைக்குக் கூரை உண்டு. நம் ஊர் குட்டி யானையின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தை மூன்றாக உடைத்து எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். தார் சாலை எத்தனை கிலோமீட்டர், ஊர்ப் பொது மண் பாதை எத்தனை, உங்கள் சொந்த நிலத்துக்குள் எத்தனை. என் தாள் இப்படி: அல்சூர் வீட்டிலிருந்து தார் சாலை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர், பஞ்சாயத்து மண் பாதை மூன்று கிலோமீட்டர், வேலிக்குள் நானூறு மீட்டர்.

பதிவு இல்லாத சைட்-பை-சைட் சட்டப்படி ஓடக்கூடியது அந்த நானூறு மீட்டரில் மட்டும்தான். மண் பாதையில் ஓட்டலாமே, அங்கே போலீஸ் எங்கே இருக்கிறது என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் பொது இடம் என்றால் பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த வழியும்தான், தார் போட்டிருக்கிறதா இல்லையா என்பது கணக்கில் இல்லை. பதிவு இல்லாத வண்டியை அங்கே ஓட்டுவது குற்றம், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டுவதும் குற்றம். அபராதத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வரும் ஒரு பெரியவர் மேல் வண்டி இடித்துவிட்டால், நஷ்டஈடு முழுக்க உங்கள் சொத்திலிருந்து போகும், அது நியாயமும்கூட. அந்தப் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

பதிவு செய்யக்கூடிய வண்டியே இல்லையா என்றால், பொலாரிஸ் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை விவசாய ட்ராக்டர் என்ற வகையில் இங்கே பதிவுக்குரியதாகக் கொண்டுவந்தது. ஆனால் அது பைக் மாதிரி காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காருகிற ஏடிவி, அருகருகே இருக்கை போட்ட சைட்-பை-சைட் கிடையாது. விற்பவர் யாராக இருந்தாலும், "ரிஜிஸ்ட்ரேஷன் ஆகிவிடும் சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். ஃபார்ம் 21, ஃபார்ம் 22 இரண்டும் தருவீர்களா என்று கேளுங்கள். முதலாவது விற்பனைச் சான்று, இரண்டாவது சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. 22 இல்லாத வண்டியை எந்த ஆர்டிஓவும் பதியப் போவதில்லை.

சரி, ஏற்றிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். பொலாரிஸ் ரேஞ்சர் அளவில் ஒரு வண்டி மூன்று மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், எழுநூறு கிலோ எடை சொச்சம். இரட்டை கேபின் பிக்கப்பின் பெட்டி ஐந்தடிக்குள் முடிந்துவிடும், அதில் இது ஏறாது. ஒற்றை கேபின் பெரிய பொலேரோ பிக்கப்போ 407 லாரியோ வேண்டும், ஏற்ற இறக்கச் சரிவுப் பலகை வேண்டும், கட்டிப் போட ராட்செட் பெல்ட் வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் போக வர இந்தக் கூத்தை யாரும் மூன்று மாதத்துக்கு மேல் செய்யமாட்டார்கள். கடைசியில் வண்டி நிலத்திலேயே நிற்கும். அங்கே நிற்க ஷெட் வேண்டும், பூட்டு வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஒயரைக் கடிக்க எலி காத்திருக்கும். அப்புறம் அந்த எண்பத்து மூன்று கிலோமீட்டரை நீங்கள் எதில் போவீர்கள்? இன்னொரு வண்டியில். அதுவே பிக்கப்பாக இருந்தால் நானூறு மீட்டரையும் அதுவே முடித்திருக்குமே.

சைட்-பை-சைட் ஓட்டிப் பார்த்தபோது

வாங்காதே என்று சொல்வதால் அது மோசமான வண்டி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூருக்கு வெளியே வாடகைக்கு ஓட்டவிடும் ஒரு மண் தடத்தில் ஒரு நாள் காலை முழுக்க ஓட்டினேன், இறங்க மனம் வரவில்லை. முந்தின நாள் மழை. செம்மண் குழைந்து, கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் பதம். நாலு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் போகிறது, வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஓர் அடிக்கு மேல் இடம் இருக்கிறது, டயரில் காற்று 12 பிஎஸ்ஐ அளவில்தான், அதனால் சேற்றில் அமுங்காமல் மிதந்துபோகிறது. இரண்டு டன்னை நெருங்கும் பெரிய பிக்கப் அதே இடத்தில் தன் எடையாலேயே புதைந்திருக்கும். தென்னை வரிசைக்கு நடுவே திரும்பவும், பெட்டியைச் சாய்த்து எரு கொட்டவும், இடுப்பு உயரத்திலேயே மூட்டை ஏற்றவும் அதை அடித்துக்கொள்ள வண்டி இல்லை.

அதே காலையில் இன்னொன்றும் தெரிந்தது. வெயில் ஏறி மண் காய்ந்ததும் புழுதி. கண்ணாடி இல்லை, கதவு இல்லை. முன்னால் போகிற வண்டியின் செம்மண் முழுக்க மூக்கில், காதில், பல் இடுக்கில். ஹெல்மெட்டும் கண் காப்புக் கண்ணாடியும் போட்டும் ராத்திரி தலை குளித்த தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடியது. வண்டி கவிழ்வதும் இதில் அபூர்வம் கிடையாது, உயரமும் குறுகலும் சேர்ந்த உருவம் அது. கூண்டு உங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் பெல்ட் போட்டுக் கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், சாய்கிறது என்றதும் கையை வெளியே ஊன்றினால் கை நசுங்கும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் நாலு பேர் பின்பெட்டியில் ஏறிக்கொள்வதை யாராலும் தடுக்க முடியாது, எனக்கு இருக்கும் பெரிய பயம் அது.

அப்புறம் அந்த ரப்பர் பெல்ட். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸுக்குப் பதில் சிவிடி, அதாவது ஸ்கூட்டி மாதிரி இரண்டு கப்பி, நடுவே ஒரு தடித்த பெல்ட். ஹோண்டா பயனியர் 1000 மாதிரி நிஜக் கியர் வைத்தவை குறைவு. ஏற்றத்தில் பாரத்தோடு மெதுவாகப் போகும்போது லிவரை வேக நிலையான 'ஹை'யில் விட்டு ஓட்டினால் கப்பி பெல்ட்டை இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் ரப்பர் கருகிய வாடை வரும். வாடை வந்த பிறகும் ஓட்டினால் மூடிக்குள்ளே பெல்ட் நார்நாராகக் கிழிந்து கப்பியைச் சுற்றிக்கொள்ளும். பாரம் இழுக்கிறோம், ஏற்றம் ஏறுகிறோம், மெதுவாக ஊர்கிறோம் என்றால் எப்போதும் 'லோ'. நண்பர் ஒருவர் தளி பக்கம் வைத்திருக்கும் வண்டியில் இதேதான் நடந்தது. விற்ற கடையில் பெல்ட் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள், வந்து சேர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவர் எருவை மாட்டு வண்டியில்தான் அடித்தார். பொலேரோவுக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் தேன்கனிக்கோட்டையிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் ஓசூரில், அங்கும் இல்லாவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் அன்றைக்கே. வண்டியை வாங்குகிற நாளில் இதை யாரும் யோசிப்பதில்லை, வண்டி நின்றுபோகிற நாளில் மனசில் இது ஒன்றுதான் இருக்கும்.

சரி, எந்த பிக்கப்

குட்டி யானையில் ஆரம்பிப்போம், ஏனென்றால் பாதிப் பேர் அதைத்தான் மனசில் வைத்திருக்கிறார்கள். 2005இல் வந்த டாடா ஏஸ், அப்புறம் ஓசூரிலேயே உருவான அசோக் லேலண்ட் தோஸ்த், மாருதி சூப்பர் கேரி எல்லாம் சரக்கு இறக்க அருமையான வண்டிகள். சூப்பர் கேரி பெட்ரோல் வண்டியே 740 கிலோ தாங்கும். ஆனால் எல்லாமே பின்சக்கர இழுவை மட்டும், முன்னால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் உட்காரலாம், அவ்வளவுதான். குடும்பத்தோடு போகிறவருக்கு இது சரிப்படாது. பின்பெட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு, அத்திப்பள்ளி வளைவில் ஒரு பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். உங்கள் நிலத்துக்கு மழைக்காலத்திலும் கெட்டியான பாதை இருக்கிறது, ஒருவரோ இருவரோ மட்டும் போகிறீர்கள் என்றால் மட்டும் இதைப் பாருங்கள்.

சேறு உண்டு, குடும்பம் உண்டு என்றால் நாலு சக்கர இழுவை உள்ள இரட்டை கேபின்தான். அதில் நம் கைக்கு எட்டுவது மூன்று. மகிந்திரா பொலேரோ கேம்பர் 4x4, 2.5 லிட்டர் டீசல், ஒரு டன் தாங்கும், இந்த மூன்றில் விலை மிகக் குறைவு. இசூசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 1.9 லிட்டர் டீசல், விலையில் நடுவில். டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன், 2022இல் வந்தது, நம் பிடதித் தொழிற்சாலையிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறார்கள், மூன்றில் விலை மிக அதிகம். கர்நாடகாவில் வாழ்நாள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுக்கும் அது கிட்டத்தட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்கு.

நான் கேம்பர் பக்கம். காரணம் பணம் மட்டும் இல்லை. வேலிக் கல் ஏற்றும்போது பெயின்ட்டில் கீறல் விழுந்தால் மனசு வலிக்காத வண்டிதான் நிலத்துக்குச் சரி. முப்பது லட்சத்து வண்டியில் யாரும் எரு மூட்டை போடுவதை நான் பார்த்ததில்லை, மேலே பாய் விரித்து, அதன் மேல் தார்ப்பாய் விரித்து, கடைசியில் "எதற்கும் டெம்போ ஒன்று சொல்லிவிடலாம்" என்று முடிப்பார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கேம்பர் சரக்கு வண்டியாக, மஞ்சள் போர்டில்தான் பதிவாகும். முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, அது ஒரு நிம்மதி. சாதாரண கார் லைசென்ஸே (எல்எம்வி) போதும், 7500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. ஆனால் பெங்களூரில் சில சாலைகளில் நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்குத் தடை உண்டு, சில அடுக்குமாடிச் சங்கங்கள் மஞ்சள் போர்டை உள்ளே நிறுத்தவே விடாது. வாங்கும் முன் உங்கள் சங்கச் செயலாளரிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டும் வெள்ளை போர்டு, எஃப்சி தொல்லை பதினைந்து வருடத்துக்கு இல்லை. தினசரி ஆபீஸுக்கும் இதே வண்டிதான் என்றால் அந்தப் பக்கம் போங்கள். ஆனால் டேப் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பார்க்கிங்குக்குப் போங்கள். வழக்கமான அடித்தள பார்க்கிங் கட்டம் ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். வி-கிராஸ் 5.295 மீட்டர், ஹைலக்ஸ் 5.325. அதாவது மூக்கு ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் வரிசைக்காரர் தினமும் காலையில் அந்த ஓரடியைப் பற்றிப் பேசுவார். சரிவுப் பாதையின் திருப்பத்தையும் பாருங்கள், மூன்று மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டி ஒரே மடக்கில் திரும்பாது. தமிழ்நாட்டுப் பதிவில் வாங்கி பெங்களூரில் ஓட்டலாம் என்ற யோசனை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, அதற்குள் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையோ மாமனாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பிக்கப்பின் பின்சீட் முதுகு நேராக நிற்கும், அடியில் இரும்புப் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்), அதில் எண்பது கிலோமீட்டர் உட்காரப் போவது அவர்கள்தான். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து முடித்துவிடாமல், வேகத்தடை நிறைய உள்ள தெருவாகப் பார்த்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். பின்சீட்டில் இருப்பவர் இறங்கியதும் இடுப்பைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். அங்கேயே விடை தெரிந்துவிடும். விற்பனையாளரிடம் 4எல், அதாவது நாலு சக்கர இழுவையின் மெதுவான கியர், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கே போடத் தெரியாவிட்டால் சர்வீஸ் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி இருக்கிறதா, ஸ்டெப்னி முழு அளவா என்று குனிந்து பாருங்கள்.

வாங்கிய பிறகு, முதல் மழைக்கு முன்

ஐப்பசி மழையில், இரண்டு சக்கர இழுவை மட்டும் உள்ள ஒரு பிக்கப்போடு, என் நிலத்து வாசலிலிருந்து நூறு மீட்டரில் நான் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றிருக்கிறேன். பெட்டி காலி. பின்சக்கரம் சும்மா சுழல்கிறது, முன்பக்கம் எஞ்சின் கனத்தில் அமுங்குகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ட்ராக்டர் கொண்டுவந்து இழுத்தார். கயிறு கட்டும்போதே, "பின்னாடி நாலு மூட்டை மண்ணு போட்டுட்டு வந்திருந்தா நின்னிருக்காதுங்க" என்றார். காலிப் பிக்கப்பின் பின்சக்கரத்தில் எடை இல்லை, எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. அதிலிருந்து மழைக்காலம் முழுக்க பின் அச்சுக்கு நேர் மேலே ஐம்பது கிலோ மணல் மூட்டை இரண்டைக் கட்டிவைக்கிறேன். கட்டி வைக்க வேண்டும், சும்மா வைத்தால் பிரேக் அடிக்கும்போது கேபினை வந்து இடிக்கும்.

நாலு சக்கர இழுவை இருந்தால் சேற்றில் இறங்குவதற்கு முன்பே போடுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து குழி தோண்டும். தார் சாலை வந்ததும் எடுத்துவிடுங்கள். இந்த வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தாரில் திரும்பும்போது இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி உள்ளே கியரைத் தின்றுவிடும். மண் பாதையில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கினால் வண்டி வேறு வண்டி மாதிரி ஓடும், ஆனால் திரும்ப நிரப்ப 12 வோல்ட் காற்று பம்ப் கையில் இல்லாமல் இறக்கவே கூடாது, குறைந்த காற்றோடு ஓசூர் நெடுஞ்சாலையில் எண்பதில் ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும். ஒரு மண்வெட்டி, பத்து மீட்டர் இழுவைப் பட்டை, இரண்டு பழைய கோணி. கோணியைச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தால் பாதி நேரம் ட்ராக்டர் தேவைப்படாது.

யானை பற்றிச் சொல்லாமல் அந்தப் பக்கத்து வண்டி பற்றி எழுத முடியாது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழி காட்டுக்குள் போகிறது, காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயம் அங்கேதான், 2014இல் அறிவித்தது. ராகி முற்றும் மாதங்களில் ராத்திரி யானைக் கூட்டம் வயலுக்கு வரும். கதவும் கண்ணாடியும் இல்லாத ஒரு வண்டியில், சத்தம் போடும் எஞ்சினோடு, அந்த நேரத்தில் யாரும் அங்கே இருக்கக் கூடாது. சைட்-பை-சைட் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒன்றே எனக்குப் போதும். பிக்கப்பிலும் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். பலாப்பழம், வெல்லம், உப்பு, ராகி எதையும் ராத்திரி பின்பெட்டியில் விடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடினாலும் யானைக்கு வாசனை தெரியும், தார்ப்பாயையும் பெட்டியையும் சேர்த்துப் பிரித்துவிடும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுத் தடத்தில் வண்டியை இறக்குவது குற்றம். எந்த வண்டி வாங்கினாலும் உங்கள் பயணம் வேலியோடு முடிகிறது.

சைட்-பை-சைட் சரியாக வரும் அந்த ஒரு இடம்

உங்களுக்கு முப்பது நாற்பது ஏக்கர் ஒரே வளைப்பில் இருக்கிறது, ஏற்காட்டிலோ குடகிலோ ஒரு காபித் தோட்டம் மாதிரி. உள்ளே தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், சரிவும் சேறும் அதிகம், அங்கேயே தங்கியிருக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், பூட்டுப் போட்ட ஷெட் இருக்கிறது, ஊருக்குப் போய்வர ஏற்கெனவே இன்னொரு வண்டியும் இருக்கிறது. இவை அத்தனையும் இருந்தால் சைட்-பை-சைட் தன் விலைக்கு உழைக்கும். வாங்கும் நாளிலேயே இரண்டு பெல்ட், ஒரு செட் ஏர் ஃபில்டர், பிரேக் பேட் சேர்த்து வாங்கி ஷெட்டில் வையுங்கள். யார் ஓட்டப் போகிறாரோ அவருக்கு ஹெல்மெட்டும் சேர்த்து. பின்பெட்டியில் ஆள் ஏறக் கூடாது என்று தமிழிலோ கன்னடத்திலோ பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அந்த நிலையிலும் பழைய மாருதி ஜிப்சி ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன். பொது விற்பனை 2019இல் நின்றுவிட்டாலும் நல்ல வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எடை குறைவு, நாலு சக்கர இழுவை, பதிவு எண் உண்டு, கிராமத்து மெக்கானிக்கே பிரித்துப் பூட்டுவார்.

நாலைந்து ஏக்கர்காரர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம். ஒரு வேலை செய்யுங்கள். வண்டி வைத்திருக்கும் நண்பரிடமோ வாடகைக்கோ ஒரு பிக்கப்பை ஒரே ஒரு வாரக் கடைசிக்கு எடுங்கள். வெயில் காலத்தில் வேண்டாம், ஐப்பசியில், நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்து. வழக்கமாகக் கொண்டுபோகும் அத்தனை சாமானையும் ஏற்றுங்கள், வழக்கமாக வரும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே வழுக்கியது, எங்கே அடி தட்டியது, யார் இடுப்பைப் பிடித்தார் என்பதையெல்லாம் முதலில் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஷோரூமுக்குப் போகும்போது அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.